ஒரு சில்லு, இரண்டு பேர், கொஞ்சம் தேங்காயெண்ணெய்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

ஐ.ஆர். என்ற அகச்சிவப்புக் கருவி அறையின் மூலையில், ஈரம் படாமல் பொருள் வைக்கும் கண்ணாடி டெசிகேட்டர் இருக்கிறதல்லவா, அதைத் திறந்தால் இரண்டு சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் கண்ணாடி போல மின்னும் ஒரு ஒல்லியான சில்லு. ஒரு டப்பாவின் மூடியில் பீனா என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். இன்னொன்றில் ஒன்றும் எழுதியிருக்காது. அது என்னுடையது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு மட்டாஞ்சேரியிலேயே ஒரு பள்ளிக்கூட வேலைக்கு வந்துவிட்டேன். இனி அது உங்களுடையது.

நம் வழிகாட்டி சார்தான் எழுதச் சொன்னார். "நாகர்கோவிலிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருக்காங்க. உன் அனுபவத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடு. மலையாளத்தில் கொடுத்தா அதுங்க எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள ஃபெல்லோஷிப் முடிஞ்சிடும்" என்றார். கருவியை எப்படி ஓட்டுவது, தாளை எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். எனக்குக் கைவராமல் போனது ஒன்றுதான். பக்கத்து மேசைக்காரிக்கு வேலை நடக்கும்போது என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். இப்படி எழுதலாமா என்று இரண்டு முறை யோசித்து, ஒரு முறை கிழித்தும் போட்டேன். போகட்டும்.

அந்தச் சில்லு ஆரம்பத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்த சாரின் நண்பர் தபாலில் அனுப்பியது. நம் ஊரில் அப்படி ஒன்றைச் செய்ய அப்போது வசதி கிடையாது. இன்னொன்று கேட்கவும் முடியாது. அதற்குள் சில பத்து அணுக்கள் கனத்தில் மெல்லிய அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒவ்வொரு அடுக்கும் ஒரு குவாண்டம் கிணறு. எலக்ட்ரான் அந்த அடுக்கின் பரப்பில் இஷ்டப்படி ஓடலாம். ஆனால் கனத்தின் திசையில் அதற்கு இடமில்லை. அந்தத் திசையில் அதற்குக் கிடைப்பது சில படிகள் மட்டும், நம் ஊர்க் கிணற்றுக்குள் இறங்கும் படிகளைப் போல. முதல் படியில் நிற்பதை இரண்டாம் படிக்குத் தூக்கிவிட, அந்த இடைவெளிக்குச் சரியான அளவுள்ள அகச்சிவப்பு ஒளி வேண்டும். அப்படித் தூக்கும்போது அந்த ஒளி கிணற்றுக்குள்ளேயே செலவாகிவிடும். கருவியின் பேனா வரைந்துகொண்டே போகும் கோட்டில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒளியின் மின்புலம் அடுக்கின் கனத்தின் திசையில் ஆடினால்தான் எலக்ட்ரான் அசையும். சில்லுக்கு நேராக ஒளியை விட்டால் புலம் பரப்பிலேயே ஆடும், கிணற்றுக்குச் சேதியே போகாது. எனவே சில்லைச் சாய்த்து வைக்க வேண்டும்.

சில்லு வந்த அன்று சார் என்னையும் பக்கத்து மேசை பீனாவையும் கூப்பிட்டார். மதராஸில் படித்தவர், என்னோடு தமிழ் பேசுவார். "ஒரு சில்லு, ரெண்டு பேர். யார் தாளில் முதல்ல உண்மையான பள்ளம் விழுதோ அவங்களுக்கு இது தீசிஸ். மத்தவங்களுக்கு நான் வேற ஏதாவது தரேன்" என்றார். அந்த 'வேற ஏதாவது' என்னவென்று எனக்குத் தெரியும். அலமாரியில் பழைய சிலிக்கான் துண்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன.

பீனாவுக்கு அங்கமாலிப் பக்கம். வளாகத்து விடுதியிலேயே தங்கியிருந்தாள். காலையில் எழுந்தால் ஆய்வகம், இருட்டினால் விடுதி. நான் காலையில் மகள் மீனுவைக் குளிப்பாட்டி, நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட் பிடித்து எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் களமசேரி வருவேன். கருவி சூடாகி நிலைக்கு வரும்போது எனக்குத் திரும்பிப் போகும் நேரம் நெருங்கியிருக்கும். பீனா கடிகாரத்தைப் பார்த்து, "சேச்சிக்கு போட் உண்டல்லோ, போய்க்கோ. ஸ்விட்ச் நான் அணைச்சுக்கலாம்" என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது 'ஒழிந்து போ' என்று கேட்டது.

அவள் முடியையும் சொல்லிவிடுகிறேன். மீனு பிறந்த பிறகு எனக்குக் கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. பீனாவுக்கு இடுப்புவரை. காய்ச்சிய எண்ணெய் தேய்த்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். அவள் கருவிமேல் குனிந்தால் நான் பள்ளத்தைப் பார்க்காமல் பின்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் என் கணவர் கேட்பார்: "இன்னைக்கு பீனா என்ன செஞ்சா?" நான் சொல்ல ஆரம்பித்தால், "அந்தப் பெண்ணைக் கட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு விசேஷம் தெரிஞ்சிருக்காது" என்று சிரிப்பார். முனிசிபாலிட்டியில் தெருவிளக்குப் பிரிவில் வேலை அவருக்கு. எரியாத விளக்கைப் பற்றி மட்டும் கவலைப்படுகிற மனிதர். பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்தால் அவருக்குத் தூக்கம் போகாது.

சில்லு முதலில் என் முறைக்கு வந்தது. கருவியின் தாங்கி நேராகத்தான் நிற்கும். சாய்க்க வேறு தாங்கி செய்ய வேண்டும், அதற்கு ஒர்க்‌ஷாப்பில் போய்க் காத்திருக்க வேண்டும். எனக்கு நேரமில்லை. எப்படியும் ஒளி குவிந்துதானே வருகிறது, ஓரத்துக் கதிர்களாவது கொஞ்சம் சாய்வாக விழாதா என்று நேராகவே வைத்துப் பார்த்தேன். பேனா தட்டையாக ஓடியது. நாள் கணக்கில் தட்டை. பிறகு பீனாவின் முறை. அவள் சாயா நேரத்தில் ஒர்க்‌ஷாப் மேஸ்திரியோடு உட்கார்ந்து, சரிவாக வெட்டிய அலுமினியக் கட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். சில்லை அதில் படுக்க வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பேனா இறங்கி ஏறியது. எதிர்பார்த்த இடத்துக்கு மிக அருகில். நல்ல ஆழமான பள்ளம்.

"சேச்சி! நோக்கிக்கே, நோக்கிக்கே!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் நோக்கினேன். "நல்லா வந்திருக்கு" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. சார் தாளைத் தூக்கிப் பார்த்து, திங்கட்கிழமை பம்பாய்க்குப் போகும்போது கருத்தரங்கில் காட்ட எடுத்துப் போகிறேன் என்றார். பீனா அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டாள், அம்மாவிடம் சொல்ல.

போட்டில் உட்கார்ந்து அழுதேன். காற்றில் கண் கலங்குவது போல இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. போலரைசர் எங்கே?

ஒளியின் ஆட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற கண்ணாடி அது. சாய்ந்த சில்லுக்கு முன்னால் அதை ஒரு பக்கம் திருப்பினால், ஆட்டத்தில் ஒரு பங்கு கனத்தின் திசையில் இருக்கும், பள்ளம் விழும். கால் வட்டம் திருப்பினால் ஆட்டம் முழுவதும் பரப்புக்குள், பள்ளம் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது கிணறு அல்ல, வேறு ஏதோ. பீனா அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டியிருந்தாள், அது பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால். அவசரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, சார் உட்பட.

நான் கேட்டேன். ஆனால் ஏன் கேட்டேன்? அவளுக்கு விழுந்த பள்ளம் எனக்கு விழுந்திருந்தால் கேட்டிருப்பேனா? இரவு முழுக்க இதே. மீனுவுக்குப் பால் கொடுக்கும்போது, இது சந்தேகமா, வயிற்றெரிச்சலா என்று என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன். தீர்ப்புக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை, மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆய்வகத்தில் யாருமில்லை. பீனாவின் கட்டையை அப்படியே வைத்து, போலரைசரைப் பொருத்தி, வெளிச்சம் குறைவு என்பதால் பேனாவை மிக மெதுவாக ஓடவிட்டேன். பள்ளம் வந்தது. கால் வட்டம் திருப்பினேன். மறுபடியும் ஓடவிட்டேன். பள்ளம் அங்கேயே நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம். ஓணத்துப் பாயசம் போல இனித்தது. இது கிணறு இல்லை. பின்னே என்ன? சில்லின்மேல் ஒட்டிய ஏதோ ஒன்று. உடனே அந்தப் பின்னல் ஞாபகம் வந்தது. தேங்காயெண்ணெய்! குனிந்து குனிந்து சில்லை வைத்தாளே, முடியிலிருந்து, விரலிலிருந்து ஒட்டியிருக்கிறது. கருவிக்கு எண்ணெயும் ஒரு பள்ளம்தான்.

சோதித்துவிடலாம் என்று, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காத ஓர் உப்புவில்லையை எடுத்தேன். எண்ணெய்க்கு எங்கே போவது? யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் என் தலைக்குப் போனது. வகிட்டில் விரலைத் தேய்த்து, உப்புவில்லையில் தடவி, கருவியில் வைத்தேன். பேனா இறங்கியது, பீனாவின் பள்ளம் இருந்த அதே இடத்தில். 'பிடித்துவிட்டேன்' என்று நினைத்த அடுத்த நொடி விரலைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அது என் எண்ணெய். காலையில் மீனுவின் முதுகில் தேய்த்ததும் அதே விரல்தான். பீனாவுக்கு முன்னால் அந்தச் சில்லை நாள் கணக்கில் எடுத்து எடுத்து வைத்தது நான். என் தாள்களில் பேனா தட்டையாக ஓடியது உண்மைதான். ஆனால் கடைசி நாள் சில்லைக் கழற்றி டப்பாவில் வைத்த பிறகு அதை யார் ஓட்டிப் பார்த்தார்கள்? யாருடைய எண்ணெய் என்று கருவி சொல்லாது. கொச்சியில் தேங்காயெண்ணெய்க்கு விலாசம் கிடையாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். போட்டுக்கு நேரம் இருந்தது. திங்கட்கிழமை சாரிடம் 'இது எண்ணெய்' என்று இரண்டு தாள்களைக் காட்டினால் போதும். நான் சொல்வதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் தாள்களை ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பீனாவின் பள்ளத்துக்கு வலப்பக்கத்தில் தோள் போல ஒரு சின்ன வளைவு இருந்தது. எண்ணெயின் பள்ளத்தில் அது இல்லை. போலரைசரைத் திருப்பியபோது அந்தத் தோள் கொஞ்சம் இளைத்தது போலவும் இருந்தது. பேனாவின் நடுக்கமாகவும் இருக்கலாம். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். தாள்களைச் சுருட்டிப் பைக்குள்கூட வைத்துவிட்டேன்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். அடுத்தவள் தப்பைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது போல ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியோடு வீட்டுக்குப் போகாதீர்கள். சந்தேகம் பொறாமை வழியாக வந்தால் வரட்டும், தப்பில்லை. ஆனால் பொறாமைக்குப் போதுமான இடத்தில் சோதனையை நிறுத்தாதீர்கள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரிந்து செய்யவில்லை. தெரியாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை தூக்கம் வராதே என்ற பயத்தில்தான் பையைத் திறந்தேன்.

சில்லை அசிட்டோனில் கழுவ வேண்டும். சில்லு பிஸ்கெட்டைப் போல உடையும். உடைந்தால் 'வேண்டுமென்றே உடைத்தாள்' என்பார்கள், நானே அப்படித்தான் சொல்வேன். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். துளித் துளியாக விட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி கட்டையில் படுக்க வைத்தேன்.

பெரிய பள்ளம் போய்விட்டது. தோள் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், தயங்கித் தயங்கி இறங்கியது. போலரைசரைத் திருப்பினேன். மறைந்தது. திரும்ப வைத்தேன். வந்தது.

கிணற்றுக்குள் எலக்ட்ரான் படி ஏறுவதை அந்த அறையில் முதலில் பார்த்தது நான். ஆனால் சாய்ந்த கட்டை பீனாவுடையது. சாரின் சொல்லோ 'முதல்ல உண்மையான பள்ளம்' என்பது. அப்படியானால் சில்லு எனக்கு. போட் போய்விட்டிருந்தது. பஸ் மாறி, தோப்பும்படிப் பாலம் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன். மீனு அழுது தேம்பியிருந்தாள். நாத்தனார் குழந்தையை என் மடியில் போட்டார். கணவர், "இன்னைக்கு பீனா என்ன செஞ்சா?" என்று வழக்கம்போல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, சார் கிளம்ப வேண்டிய நாள். பீனா அவர் மேசைக்கு அப்பமும் பலகாரமும் கொண்டு வந்திருந்தாள். நான் தாள்களை வரிசையாக விரித்தேன். எண்ணெய், கழுவியது, திருப்பியது. தாள்களே பேசட்டும் என்று நின்றேன்.

பீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நான் வீட்டுக்குப் போயப்போ எதுக்கு சேச்சி என் சாம்பிளைத் தொட்டது?"

"உன் சாம்பிள் இல்லை பீனா, நம்ம சாம்பிள்."

"வெள்ளிக்கிழமை வரை அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த எண்ணெய் என் தலையிலிருந்துதான் வந்ததுன்னு சேச்சி கண்டதோ?"

"கண்டதில்லை. என் தலையிலிருந்தும் வந்திருக்கலாம்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. நானும் சொல்ல நினைத்திருக்கவில்லை, அது தானாக வந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாள்களை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாய்ச்சது இவள். கழுவினதும் திருப்பினதும் நீ" என்றார். "என் சொல்படி பார்த்தா முதல் பள்ளம் உன்னோடது. ஆனா இவள் சாய்க்காம நீ எதைத் திருப்பியிருப்பே?"

"சார் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள் பீனா. "சேச்சியே வெச்சுக்கட்டும். இல்லைங்கில் ஒடிச்சுப் பாதி எடுத்துக்கட்டும்!"

கோபத்தில் சொன்னது. எனக்குச் சுரீரென்றது. குழந்தையை இரண்டாக வெட்டச் சொன்ன ராஜா கதை ஞாபகம் வந்தது. 'ஒடிக்க வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும்' என்று உண்மையான தாய் சொல்வாளே, அதை இப்போது நான் சொல்ல வேண்டுமோ, சொன்னால் சில்லு எனக்கு வருமோ, அதற்காகத்தான் சொல்கிறேனோ என்று மனசு நாலு பக்கம் ஓடியது. நான் வாயைத் திறப்பதற்குள் சார் மேசையில் கையால் தட்டினார்.

"அட, அதைத்தானே செய்யணும்! காலியம் ஆர்சனைடு படிகந்தானே இது. ஒரு ஓரத்துல கீறினா நூல் பிடிச்ச மாதிரி நேராப் பிளக்கும். ஒவ்வொரு பாதியிலும் அதே அடுக்கு, அதே கிணறு, அதே படி. இது என்ன குழந்தையா, ஒடிச்சா செத்துப்போக? ஒருத்தி கிணத்தைச் சூடாக்கிப் பாரு, இன்னொருத்தி குளிரவெச்சுப் பாரு. ரெண்டு தீசிஸ்."

மூன்று பேருக்கும் முதல் நாளே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். படிகத்தைப் பிளப்பது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. ஒன்றே ஒன்று என்ற எண்ணம் வந்ததும் அதைத் தொடவே பயந்துவிட்டோம். ஒன்றே ஒன்று என்று நினைத்ததில்தான் எனக்கு அத்தனை எரிச்சலும்.

வைர ஊசியை பீனா என்னிடம் நீட்டினாள். "சேச்சி கீறிக்கோ. எனக்குக் கை விறைக்கும்." இருவரும் வாஷ்பேசினுக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினோம், ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர்களைப் போல. அவள் தன் பின்னலைத் தூக்கித் துணியால் கட்டிக்கொண்டாள். என் தலையையும் பார்த்துவிட்டு, இன்னொரு துணியை நீட்டினாள். நான் ஓரத்தில் கீறினேன். அவள் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினாள். சத்தமே இல்லை. இரண்டு சில்லுகள்.

சார் பம்பாய்க்கு எடுத்துப் போன தாளில் சின்னப் பள்ளம்தான் இருந்தது, திருப்பியதும் திருப்பாததும் பக்கத்தில் பக்கத்தில். எங்கள் இருவர் பெயரும் இருந்தன. யார் பெயர் முன்னால் என்று நீங்கள் கேட்பீர்கள். அகர வரிசையில் எழுதினார். அது அவளுக்குச் சாதகம்.

பிறகு பீனாவோடு வேலை பார்த்தது நன்றாகவே இருந்தது. அவள் மீனுவுக்குக் கம்மல் வாங்கிக் கொடுத்தாள். நான் அவளுக்குப் புளிக்குழம்பு கொண்டுபோவேன். அவளுடைய பாதிச் சில்லில் நல்ல பள்ளம் விழுந்த நாட்களில் எனக்கு அதே எரிச்சல் வரும். வரும்போதெல்லாம் போய்ப் போலரைசரைத் திருப்பிப் பார்ப்பேன். அவளும் என் தாள்களை அப்படித்தான் பார்த்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் இரண்டு ஆய்வேடுகளிலும் ஒரு தப்புப் பள்ளம்கூடக் கிடையாது.

நீங்களும் இருவர், டப்பாக்களும் இரண்டு. கையைக் கழுவிக்கொண்டு எடுங்கள், தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பீனாவின் பாதி ஒரு மயிரிழை பெரியது போல உங்களுக்குத் தோன்றலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காதீர்கள்.

நான் பார்த்தாயிற்று. பெரியதுதான்.